சாளரமும் அறையும்: பல்லொளிப் படவிணைப்பின் வரலாறு

ஒரு கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் அக்கலை ஈட்டிய வெற்றிகளையே பெரும்பாலும் நிரல்படுத்திக் காட்டுவர். அக்கலை தன் பிறப்போடு கொண்டுவந்த குறையொன்றை எவ்வாறு எதிர்த்து நின்றது என்பதை ஆராயினும் அதன் வரலாறு செவ்விதின் விளங்கும். புகைப்படக்கலை பிறவியிற் கொண்ட குறை, பேரொளியையும் மெல்லொளியையும் ஒருங்கே ஏற்கமாட்டாமையாகும். அக்குறை தெற்றெனப் புலப்படுமிடம் சாளரத்தையுடைய அறையே. அறைக்குள் நின்று படம் பிடிப்பவன் அறையின் பொருள்களுக்கேற்ப ஒளிபடுத்தினால், சாளரம் வெறும் வெண்டிரையாகிவிடும். சாளரத்திற்கு அப்பாலுள்ள மரத்தையும் வானையும் கருதி ஒளிபடுத்தினால், அறை காரிருளில் மூழ்கிவிடும். இவ்விடர்ப்பாட்டிலிருந்து மீளுதற்கு, வெவ்வேறு அளவில் ஒளிபடுத்திய படங்களை ஒன்றாக இணைக்கும் முறை தோன்றிற்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அம்முறையின் வளர்ச்சியையும், அது எழுப்பிய மெய்ம்மை பற்றிய வழக்கையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணும் கமராவும்

உச்சிவெயிலில் நிலத்தின்மேல் விழும் ஒளி ஏறக்குறைய 100,000 லக்ஸ் அளவினது. பகலில் ஓர் அறையின் உட்புறத்திலோ அது 200 லக்ஸ் அளவிற்குக் குறைந்துவிடுவதுண்டு. எனவே வெளியொளி உள்ளொளியினும் 500 மடங்கு மிக்கது. இதனோடு பொருள்களின் நிறவேறுபாட்டையும் கூட்டிக் கணித்தல் வேண்டும். வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைத் திருப்பி அனுப்பும். கருந்துணி மூன்று பங்கையே அனுப்பும். இது 30 மடங்கு வேறுபாடு. ஆகவே வெளியே வெயிலில் நிற்கும் வெண்சுவருக்கும் உள்ளே நாற்காலியிற் கிடக்கும் கருந்துணிக்குமிடையே 15,000 மடங்கு வேறுபாடு அமைகின்றது. பளபளப்பான புகைப்படத் தாளிலோ மிக்க வெண்மைக்கும் மிக்க கருமைக்குமுள்ள வேறுபாடு ஏறக்குறைய 100 மடங்கே. பதினையாயிரத்தை நூற்றுக்குள் அடக்குவது எங்ஙனம் என்பதே வினா.

மனிதக் கண் இவ்வினாவை எதிர்கொள்ளும் விதம் வேறு. கண் ஒரே நோக்கில் அறை முழுவதையும் பார்ப்பதில்லை. சாளரத்தை நோக்கும்போது கண்மணி சுருங்குகின்றது. மூலையிலுள்ள பெட்டகத்தை நோக்கும்போது விரிகின்றது. விழித்திரையும் தன் உணர்ச்சியை அதற்கேற்ப மாற்றிக்கொள்கின்றது. இவ்வாறு அடுத்தடுத்துப் பெற்ற பல நோக்குகளை ஒரே காட்சியாகத் தொகுப்பது மூளையின் தொழில். எனவே 'அறையைக் கண்டேன்' என்று ஒருவன் கூறுங்கால், அவன் கண்டதும் பல ஒளிபடுத்தல்களின் இணைப்பே எனலாம். கமராவோ இமையாது ஒரே பார்வை பார்ப்பது. ஓவியனுக்கும் இவ்விடர் உண்டு. இயற்கையின் ஒளியைத் தன் வண்ணங்களால் அவ்வாறே பெயர்த்தல் ஓவியனுக்கு ஒருபோதும் இயலாது. ஒளியின் விகிதங்களைத் தன் வண்ணங்களின் எல்லைக்கேற்ப மொழிபெயர்த்தலே இயலும் எனச் செர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1870களில் ஆற்றிய விரிவுரைகளில் விளக்கினார். ஓவியன் மொழிபெயர்ப்பவன் என்பதை உலகு ஏற்றுக்கொண்டது; புகைப்படக்காரனும் மொழிபெயர்ப்பவனே என்பதை ஏற்கத்தான் நெடுங்காலம் தயங்கிற்று.

முதல் எதிர்ப்படம்

இன்று எஞ்சியுள்ள எதிர்ப்படங்களுள் மிகப் பழையது, அதாவது நெகற்றிவ் எனப்படுவது, ஓர் அறைக்குள்ளிருந்து பிடிக்கப்பட்ட சாளரத்தின் படமாயிருத்தல் வியப்பிற்குரியது. 1835ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் வில்லியம் ஹென்றி பொக்ஸ் டால்பற் என்பார், இங்கிலாந்தில் லேக்கொக் அபி என்னும் தம் இல்லத்தின் தென்புற நீளறையில் சிறு மரப்பெட்டிக் கமராவொன்றை வைத்து, எதிரேயிருந்த கண்ணாடிச் சாளரத்தைப் படம் பிடித்தார். அஞ்சல் முத்திரையளவினதாகிய அக்காகிதத்தில், ஏறக்குறைய இருநூறு கண்ணாடித் துண்டுகளை உருப்பெருக்கி கொண்டு எண்ணக்கூடியதாயிருந்தது என அவரே குறித்துவைத்தார். ஆயின் அப்படத்தில் அறை இல்லை. சுவரும் தளமும் கூரையும் ஒளி பெறாது ஒழிந்தன. சாளரம் ஒன்றே பதிந்தது. புகைப்படக்கலையின் ஆற்றலையும் அதன் குறையையும் அச்சிறு காகிதம் ஒருங்கே உணர்த்துகின்றது.

வானும் கடலும்

இணைப்பு முறை முதலில் அறைக்காகத் தோன்றவில்லை, வானத்திற்காகவே தோன்றிற்று. அக்காலத்து ஒளியுணர் பூச்சுகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே மிகுதியாக உணர்ந்தன. பச்சை வயலும் பழுப்பு மண்ணும் பதிவதற்கு வேண்டிய நேரம் வரையில் ஒளிபடுத்தினால், நீலவானம் முகிலோடுகூட மறைந்து வெறும் வெண்மையாயிற்று. நிலத்திற்கு ஒன்றும் வானிற்கு ஒன்றுமாக இரண்டு எதிர்ப்படங்களை எடுத்து ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சிடலாம் என்னும் கருத்தைப் பிரான்சு தேசத்து ஹிப்பொலீற் பயார் 1850களின் தொடக்கத்திற் கூறினார்.

இக்கருத்தைச் சிறப்புறக் கையாண்டவர் அந்நாட்டவரான குஸ்தாவ் லெ கிரே. 1857ஆம் ஆண்டளவில் அவர் வெளியிட்ட 'பேரலை' என்னும் படம் தென்பிரான்சிலுள்ள செற் துறைமுகத்திற் பிடிக்கப்பட்டது. கடலுக்கு ஓர் எதிர்ப்படமும் முகிலுக்கு மற்றோர் எதிர்ப்படமும் கொண்டு, தொடுவானக் கோட்டில் இரண்டையும் பொருத்தி அதனை அவர் அமைத்தார். கண்டோர் வியந்தனர். ஆயினும் லெ கிரே ஒரே முகிற்படத்தை வெவ்வேறு கடற்காட்சிகளோடு இணைத்து அச்சிட்டதும் உண்டு. ஓரிடத்து முகில் மற்றோரிடத்துக் கடலின்மேல் நின்றது. ஈண்டுதான் வழக்கின் வித்து இடப்பட்டது. கமராவின் குறையை நிரப்ப எழுந்த முறை, இல்லாத காட்சியைப் படைக்கவும் வல்லதாயிற்று.

1857ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரில் நடந்த கலைக் கண்காட்சியில், சுவீடனிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஒஸ்கார் றெயிலாண்டர் 'வாழ்வின் இரு நெறிகள்' என்னும் பெரும்படத்தை வைத்தார். முப்பதிற்கு மேற்பட்ட எதிர்ப்படங்களை அவர் ஒன்றாக இணைத்திருந்தார். விக்ரோறியா மகாராணியார் அதன் பிரதியொன்றை விலைக்குப் பெற்றார். ஸ்கொத்லாந்துப் புகைப்படச் சங்கமோ ஆடையற்ற உருவங்கள் அதில் உள்ளமையைக் காட்டி அதனைக் காட்சிக்கு வைக்க மறுத்தது. அடுத்த ஆண்டில் ஹென்றி பீச் றொபின்சன் ஐந்து எதிர்ப்படங்களை இணைத்து 'மறைந்து போதல்' என்னும் படத்தை வெளியிட்டார். நோயுற்று இறக்குந் தறுவாயிலுள்ள ஒரு பெண், அவள் பக்கத்தில் உறவினர், அப்பால் முதுகு காட்டி நின்று சாளரத்தினூடே முகில் படர்ந்த வானை நோக்கும் ஆடவன் ஆகிய அமைப்பினை உடையது அது. அறையின் உட்புறமும் சாளரத்தின் வெளிப்புறமும் ஒருங்கே தெளிவாகத் தோன்றிய பழைய படங்களுள் அஃது ஒன்று. துயரக் காட்சியைக் காசாக்கினார் எனச் சிலர் அவரைக் கடிந்தனர். நோயுற்றவளாகத் தோன்றியவள் நல்ல உடல்நலமுள்ள சிறுமி என்பதைப் பின்னர் அவரே வெளிப்படுத்தினார். ஓவியம் இத்தகைய துயரக் காட்சிகளைக் காட்டியபோது கண்டிக்காதவர்கள் புகைப்படம் காட்டியபோது கண்டித்தமைக்குக் காரணம் உண்டு. புகைப்படம் சான்று கூறுவது என்று மக்கள் நம்பினர். சான்று கூறுவது நடிக்கலாகாது என்றும் கருதினர்.

மதுரையில் டிரைப்

இதே காலத்தில் தமிழகத்திலும் இவ்விடர் உணரப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையினரான கப்டன் லினேயஸ் டிரைப் 1856ஆம் ஆண்டிற் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்று, 1858ஆம் ஆண்டில் மதுரை, தஞ்சை, திருவரங்கம் முதலிய ஊர்களிற் கோயில்களையும் மண்டபங்களையும் படம் பிடித்தார். திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தின் உட்புறக் காட்சிகளும் அவற்றுள் அடங்கும். தூண் வரிசைகளுக்கிடையே வெயில் பாய, தூண்களிற் செதுக்கிய உருவங்கள் நிழலில் நிற்கும் அம்மண்டபம், சாளரமுள்ள அறையின் இடர் அனைத்தையும் உடையது. அதனை ஒரே ஒளிபடுத்தலால் வெல்ல அவர் முயன்றார். வெளிப்புறக் காட்சிகளிலோ வெறுமையான வானத்தை அவ்வாறே விடாது, எதிர்ப்படத்தின்மேல் வண்ணம் தீட்டி முகில்களை வரைந்து சேர்த்தார். அரச கட்டளைப்படி தொல்லியற் சான்றாக எடுக்கப்பட்ட படங்களிலும் வானம் தூரிகையால் வந்ததாயிருத்தல் கருதத்தக்கது. செலவு மிகுதி கருதி அரசு அப்பணியை விரைவில் நிறுத்திவிட்டது. ஆயினும் அப்படங்கள் இன்றளவும் தென்னாட்டுக் கட்டிடக்கலை பயில்வோர்க்குப் பெருந்துணையாக உள்ளன. தூண்களைச் சான்றாகக் கொள்ளலாம். முகில்களை அவ்வாறு கொள்ளலாகாது. இவ்வேறுபாட்டை அறிந்தவனே அவற்றைப் பயன்கொள்ள வல்லவன்.

பொறுமையும் அளவையும்

இணைப்பினை விரும்பாதோரும் இருந்தனர். அவருட் சிறந்தவர் இலண்டனிற் புத்தக வணிகராயிருந்து புகைப்படக்காரரான பிரெடெரிக் இவான்ஸ். இங்கிலாந்துப் பேராலயங்களின் உட்புறங்களைப் படம் பிடிப்பதில் அவருக்கு நிகரானவர் அரியர். 1903ஆம் ஆண்டில் வெல்ஸ் பேராலயத்தின் தேய்ந்த படிக்கட்டுகளை எடுத்து 'படிகளின் கடல்' எனப் பெயரிட்டார். ஒளி எந்த நேரத்தில் எந்தச் சுவரிற் படியும் என்று நாட்கணக்கிற் காத்திருந்து, உகந்த வேளையில் நெடுநேரம் ஒளிபடுத்துவதே அவர் முறை. எதிர்ப்படத்தைத் திருத்துவதை அவர் ஏற்கவில்லை. பிளாற்றினத் தாள் நிழற்பகுதியின் மென்மையான வேறுபாடுகளைக் காட்ட வல்லதாதலின் அதனையே விரும்பினார். முதலாம் உலகப் போரையொட்டி அத்தாள் அரிதானபோது தொழிலையே கைவிட்டார். இரண்டு படங்களை இணைப்பதற்குப் பதிலாக, ஒரே படம் போதுமானதாகும் வேளைக்குக் காத்திருப்பதும் ஒரு விடையே என்பதை அவர் வாழ்க்கை காட்டுகின்றது.

மற்றொரு புறத்தில் விஞ்ஞானிகள் குறையை அளக்கத் தொடங்கினர். பேர்டினன்ட் ஹேர்ட்டர், வெரோ டிறிபீல்ட் ஆகிய இருவர் 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பூச்சின்மேல் விழும் ஒளிக்கும் அதில் உண்டாகும் கருமைக்குமுள்ள தொடர்பை ஒரு வளைகோடாக வரைந்து காட்டிற்று. அக்கோட்டின் அடியிலும் முடியிலும் வேறுபாடுகள் நசுங்கிவிடுகின்றன. நடுப்பகுதியில் மட்டுமே ஒளியின் ஏற்றத்தாழ்வு உண்மையாகப் பதிகின்றது. அறையின் இருளும் சாளரத்தின் வெளிச்சமும் ஒரே வேளையில் அந்நடுப்பகுதிக்குள் அடங்காமையே இடரின் காரணம் என்பது இதனால் விளங்கிற்று. 1940ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் அன்சல் அடம்ஸ், பிரெட் ஆச்சர் ஆகியோர் இவ்வறிவைத் தொழிலாளர்க்கு ஏற்றதாக்கி, கருமை முதல் வெண்மை வரை உள்ள சாயல்களைப் படிகளாக வகுத்து, ஒளிபடுத்தலையும் கழுவுதலையும் அதற்கேற்ப அமைக்கும் முறையைக் கற்பித்தனர்.

ஒரே பிலிமில் இரண்டு வேளை

இருபதாம் நூற்றாண்டிற் கட்டிடக்கலைப் படம் பிடித்தோர், ஒரே தகட்டையே இருமுறை ஒளிபடுத்தும் வழக்கத்தைக் கைக்கொண்டனர். கமராவை முக்காலியில் அசையாது நிறுத்தி, சாளரத்தின் வெளிப்புறத்திற்குரிய அளவில் ஒருமுறையும், விளக்கேற்றிய அறைக்குரிய அளவில் மற்றொருமுறையும் ஒளிபடுத்துவர். இம்முறையின் தலைசிறந்த எடுத்துக்காட்டு 1960ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஜூலியஸ் ஷூல்மன் எடுத்த படம். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரை நோக்கிக் குன்றின் விளிம்பில் பியர் கோனிக் என்னும் கட்டிடக்கலைஞர் அமைத்த கண்ணாடிச் சுவருள்ள வீட்டை அவர் இரவிற் படம் பிடித்தார். முதலில் வீட்டு விளக்குகளை அணைத்து, கீழே பரந்து கிடந்த நகரின் விளக்குகள் பதியும்பொருட்டு ஏறக்குறைய ஏழு நிமிடங்கள் ஒளிபடுத்தினார். பின்னர், அறையில் அமர்ந்திருந்த இரு பெண்களையும் அசையாதிருக்கச் செய்து, பிளாஷ் குமிழ்களைக் கணப்பொழுது எரித்தார். ஏழு நிமிடமும் ஒரு கணமும் ஒரே பிலிமில் ஒன்றாயின. அப்படத்திற் காணும் ஒளி அனைத்தும் அந்த வீட்டிற்கும் அந்த இரவிற்கும் உரியதே. ஆயினும் அவ்வாறான ஒரு கணம் அந்த இரவில் நிகழவில்லை.

பூச்சிலேயே விடை காண முயன்றவர் அமெரிக்கரான சாள்ஸ் வைக்கொவ். அணுக்குண்டு வெடிப்புகளைப் படம் பிடிக்கும்பொருட்டு, வெவ்வேறு ஒளியுணர்ச்சியுடைய மூன்று பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிய பிலிம் ஒன்றை அவர் ஆக்கினார். ஒவ்வொரு பூச்சும் வெவ்வேறு நிறம் பெறும். மிக்க உணர்ச்சியுள்ளது மங்கிய ஒளியையும், குறைந்த உணர்ச்சியுள்ளது வெடிப்பின் நடுவண் ஒளியையும் பதிவு செய்தன. ஒரே வேளையில் மூன்று ஒளிபடுத்தல்கள் நிகழ்ந்தன எனலாம்.

கணிதம் புகுந்தமை

கணினி வந்தபின் இணைப்பு கத்தரிக்கோலினின்றும் நீங்கிக் கணிதத்தின் பாற்பட்டது. 1995ஆம் ஆண்டில் ஸ்ரீவ் மான், றொசலின்ட் பிக்கார்ட் ஆகியோர் வெவ்வேறு அளவில் ஒளிபடுத்திய படங்களை எண்முறையில் இணைக்கும் வழியை வெளியிட்டனர். 1997ஆம் ஆண்டிற் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் ஆகியோரின் ஆய்வு வெளிவந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு ஸ்ரான்போர்ட் நினைவாலயத்தின் உட்புறம். வண்ணக் கண்ணாடிச் சாளரத்தின் பின்னே கதிரவன் நின்ற வேளை. 30 வினாடி முதல் 1/1000 வினாடி வரை, ஒவ்வொன்றும் முன்னையதிற் பாதி நேரமாக, 16 படங்கள் எடுக்கப்பட்டன. ஹேர்ட்டரும் டிறிபீல்டும் ஆய்வுகூடத்தில் அளந்த வளைகோட்டை இவர்கள் அப்படங்களிலிருந்தே கணித்து அறிந்தனர். ஒரே இடம் பதினாறு படங்களிலும் எவ்வெவ் அளவிற் பதிந்துள்ளது என ஒப்பிட, பூச்சின் இயல்பு புலனாகின்றது. அவ்வியல்பு புலனானபின், ஒவ்வோரிடத்திலிருந்தும் வந்த உண்மையொளியின் அளவு கிடைக்கின்றது.

கிடைத்த அளவைத் தாளிலோ திரையிலோ அடக்குதல் அடுத்த பணி. 2002ஆம் ஆண்டில் எரிக் றெயின்ஹாட்டும் துணைவரும் அதற்குக் கண்ட வழி, அடம்ஸின் சாயற்படிகளையும் இருட்டறையில் ஒரு பகுதியை மறைத்தும் மறுபகுதியைக் கூடுதலாக ஒளிபடுத்தியும் அச்சிடும் பழைய வழக்கத்தையும் தழுவியதாகும். 2007ஆம் ஆண்டில் டொம் மேர்ற்றன்ஸ், யான் கவுற்ஸ், பிராங்க் வான் றீத் ஆகிய மூவர் இன்னும் எளிய வழியொன்றை வெளியிட்டனர். அதில் உண்மையொளியைக் கணிக்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு புள்ளியும் போதிய தெளிவும் நிறச்செறிவும் நடுத்தர ஒளியும் உடையதா எனச் சீர்தூக்கி, நல்ல புள்ளிக்கு மிக்க மதிப்பும் கெட்ட புள்ளிக்குக் குறைந்த மதிப்பும் அளித்துக் கலப்பதே அம்முறை. படத்தைப் பெரிதும் சிறிதுமான பல அடுக்குகளாகப் பிரித்துக் கலப்பதால், பொருத்துவாய் தெரிவதில்லை. வீட்டறைகளைப் படம் பிடிப்போர் இதனை விரும்பிக் கையாளுகின்றனர்.

செய்முறை கடினமானதன்று. கமராவை முக்காலியில் இறுக நிறுத்துதல் வேண்டும். வில்லையின் துவாரத்தை மாற்றலாகாது. மாற்றினால் தெளிவின் ஆழம் படத்திற்குப் படம் வேறுபடும். ஒளிபடு நேரத்தை மட்டும் நான்கு மடங்கு படிகளாக மாற்றி, மூன்று முதல் ஐந்து படங்கள் எடுத்தால் பெரும்பாலான அறைகளுக்குப் போதும். மிகக் குறுகிய நேரப் படத்திற் சாளரத்தின் வெளிப்புறம் வெளிறாதிருத்தலும், மிக நெடிய நேரப் படத்தில் மூலையின் நிழல் விளங்குதலும் வேண்டும். காற்றில் அசையும் திரைச்சீலையும் நடமாடும் மனிதரும் பேயுரு போல இரட்டித்துத் தோன்றுவர். பகலொளியின் நீலமும் விளக்கொளியின் மஞ்சளும் கலந்து சுவர் நிறம் மாறுவதும் உண்டு.

மெய்ம்மை பற்றிய வழக்கு

இனி, இணைத்த படம் மெய்யோ பொய்யோ என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. எத்தனை படங்கள் இணைக்கப்பட்டன என்பது கொண்டு இதற்கு விடை கூறுதல் பொருந்தாது. ஸ்ரான்போர்ட் ஆலயத்தின் பதினாறு படங்கள் லெ கிரேயின் இரண்டு படங்களினும் மெய்ம்மையுடையன. ஒரே இடத்தில் ஒரே நிலையினின்று ஒரே வேளையில் எடுத்த படங்களை இணைத்தால், புதிதாகச் சேர்ந்தது எதுவுமில்லை. இருந்ததே முழுமையாக வெளிப்பட்டது. வேற்றிடத்து முகிலோ, வேறொரு நாளின் வானமோ கலக்குமாயின், அது புனைவு. வீடு விற்போர் சாளரத்தின் வழியே இல்லாத கடலையும் நீலவானையும் பொருத்துவது இவ்வகையினது. ஷூல்மனின் படம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது.

எனினும் முதல் வகையும் குறையற்றதன்று. அறையின் இருள் ஒரு தவறன்று. அதுவும் ஓர் உண்மை. பெருவாயிலின் வெயிலினின்று மகாமண்டபத்தின் நிழலுக்கும், அங்கிருந்து கருவறையின் விளக்கொளிக்கும் படிப்படியாக ஒளி குறைந்து செல்லுமாறு நம் முன்னோர் கோயிலை அமைத்தனர். பல படங்களை இணைத்து அவ்விடங்கள் அனைத்தையும் சமவொளியிற் காட்டினால், சிற்பங்கள் யாவும் தெரியும். ஆனால் சிற்பி கருதிய ஒளியின் ஒழுங்கு மறைந்துவிடும். தூணின் வேலைப்பாட்டை அறிய விரும்புவோனுக்கு அப்படம் நன்மை பயக்கும். மண்டபத்தில் நிற்பதன் அனுபவத்தை அறிய விரும்புவோனை அது ஏமாற்றும். ஆகவே படத்தின் மெய்ம்மை அது எவ்வினாவிற்கு விடையாக எடுக்கப்பட்டதோ அவ்வினாவைச் சார்ந்தது.

இவ்வாராய்ச்சி இன்று வரலாறு பயில்வோர்க்கு இன்றியமையாததாகியுள்ளது. 2010ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனமும், 2013ஆம் ஆண்டையொட்டிக் கூகிள் நிறுவனமும் கைத்தொலைபேசிகளில் இவ்விணைப்பைப் புகுத்தின. இக்காலத்துக் கைத்தொலைபேசி பொத்தானை ஒருமுறை அழுத்துமிடத்துப் பல படங்களை எடுத்துத் தானே இணைத்து ஒன்றாகத் தருகின்றது. இணைத்தமையை எடுத்தவனும் அறியான். றெயிலாண்டர் காலத்திற் பெருங்கலைஞரின் கைத்திறனாயிருந்தது இன்று பாடசாலை மாணவனின் சட்டைப்பையில் அடங்கிவிட்டது. செப்பேட்டையும் கல்வெட்டையும் ஆராய்பவன் எழுத்தின் காலத்தையும் பொறித்தவனையும் வினவுவது போல, புகைப்படத்தைச் சான்றாகக் கொள்பவனும் அஃது எத்தனை ஒளிபடுத்தல்களால் ஆயது, அவை எவ்விடத்தவை, எவ்வேளையவை, எந்நோக்கத்தவை என வினவுதல் வேண்டும். லேக்கொக் அபியில் டால்பற் எடுத்த படம் சாளரத்தைக் காட்டி அறையை மறைத்தது. இன்றைய படம் சாளரத்தையும் அறையையும் ஒருங்கே காட்டுகின்றது. ஆனால் தான் உருவான முறையை மறைக்கின்றது. அதனை வெளிக்கொணர்தல் கற்றோர் கடன்.